பாதை முடிந்த பிறகு உச்சிக்கு: ஓடையா, முகடா?

கேள்வி:
நாங்கள் ஏறப்போகும் மலையில் பாதை ஓர் ஓடைக்கரையோடு நின்றுவிடுகிறது. அங்கிருந்து உச்சிக்கு இன்னும் 700 மீட்டர் ஏற்றம். ஓடையைப் பிடித்து நேராக ஏறினால் ஒன்றரை கிலோமீட்டர், இடப்பக்க முகட்டில் சுற்றிப் போனால் 3 கிலோமீட்டர். வரைபடத்தில் சம உயரக்கோடுகள் 20 மீட்டருக்கு ஒன்று, எங்கேயும் நெருக்கியடித்துக்கொண்டு இல்லை, அதனால் பாறைச்சுவர் எதுவும் இருக்காது என்று நினைக்கிறேன். மூன்று பேர். எந்த வழி, எவ்வளவு நேரம் ஆகும்?

பதில் 1:
முகடு. 20 மீட்டர் இடைவெளி என்றால் இரண்டு கோட்டுக்கு நடுவில் 15 மீட்டர் செங்குத்துப் பாறை இருந்தாலும் வரைபடம் காட்டாது, அப்படிப்பட்ட பாறை ஓடையில் இருந்தால் அது அருவி, அதுவும் வழுக்கும். மேலேயிருந்து உருளும் கல்லெல்லாம் வந்து சேருவதும் அந்தப் பள்ளத்தில்தான். ஏறிவிடலாம், ஆனால் ஏறிய பாறையில் அப்படியே இறங்குவது வேறு கதை, கால் வைக்கும் இடமே கண்ணுக்குத் தெரியாது.

பதில் 2:
முகடு சரிதான், ஆனால் அதை ரொம்பச் சுலபம் என்று நினைக்க வேண்டாம். ஏறும்போது கிளை முகடுகள் எல்லாம் ஒன்றில் வந்து சேரும், எதில் ஏறினாலும் உச்சிக்குத்தான் போவீர்கள். இறங்கும்போது அவையே பிரிந்து பிரிந்து போகும், மூடுபனியில் தப்பான கிளையில் இறங்கினால் வேறு பள்ளத்தாக்கில் போய் நிற்பீர்கள். ஒவ்வொரு கிளை சேரும் இடத்திலும் திரும்பிப் பார்த்து ஒரு படம் எடுங்கள், இறங்க வேண்டிய திசையைத் திசைகாட்டியில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

கேட்டவர்:
ஜிபிஎஸ்ஸில் வந்த தடம் பதிவாகுமே, அது போதாதா?

பதில் 2:
முகட்டில் பெரும்பாலும் நன்றாகவே வேலை செய்யும். குறுகலான பள்ளத்தில் சிக்னல் பாறையில் பட்டுத் திரும்பி இடத்தைத் தள்ளிக் காட்டும். குளிரில் பேட்டரியும் சட்டென்று இறங்கும், போனை விமானப் பயன்முறையில் போட்டு உடம்போடு ஒட்டிய பையில் வையுங்கள். காகித வரைபடம் கட்டாயம்.

பதில் 3:
நேரத்துக்கு நெய்ஸ்மித் விதி இருக்கிறது, 1892-இல் வந்தது, இன்றும் பயன்படுகிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி. உங்கள் முகட்டுக்கு ஒன்றே முக்கால் மணி வரும். அது ஓரளவு நல்ல தரைக்கான கணக்கு, புதரும் உதிரிக்கல்லும் இருந்தால் அதை இரட்டிப்பாக்குங்கள், அப்படியும் எனக்குப் பத்தாமல் போனதுண்டு. திரும்பும் நேரத்தைக் கிளம்பும் முன்பே மூவரும் பேசி முடிவுசெய்யுங்கள், உச்சி கண்ணுக்கு எட்டியதும் யாருக்கும் திரும்ப மனசு வராது. அப்புறம், உதிரிக்கல் சரிவில் ஒருவருக்கு நேர் கீழே இன்னொருவர் நிற்கக்கூடாது. புல் சரிவில் வரிசையாக நடக்காமல் பரவி நடங்கள், இல்லாவிட்டால் புதுப் பாதை விழுந்துவிடும்.

கேட்டவர்:
சரி, முகடுதான். ஏற நாலு மணி நேரம் வைத்துக்கொள்கிறோம். மூடுபனி இறங்கினால் காத்திருப்பதா, திரும்புவதா?

பதில் 2:
பின்னால் வந்த வழி தெரியும்போதே திரும்பிவிடுங்கள். இடி கேட்டால் யோசிக்கவே வேண்டாம், முகட்டை விட்டு உடனே இறங்குங்கள்.