கடற்படையில் இருந்த தாத்தாவின் கதையை எங்கிருந்து தொடங்குவது?

பேத்தி_71:
அம்மாவழித் தாத்தா போன மாதம் காலமானார். இந்தியக் கடற்படையில் மாலுமி, 1971 பாகிஸ்தான் போரில் இருந்தவர், எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். டிரங்குப் பெட்டியில் பூர்வி ஸ்டார் பதக்கமும் ஒரு கறுப்பு வெள்ளைப் படமும் இருக்கின்றன. படத்தில் கப்பல் தளத்தில் நிற்கிறார், பின்னால் இறக்கை மடித்த விமானம், அதன் மூக்கில் புரொப்பெல்லர். கப்பல் பேர் எங்கேயும் இல்லை. வருஷ திதிக்குள் அவரைப் பற்றி எழுதி, குடும்பத்தில் எல்லோருக்கும் கொடுக்க ஆசை. பாட்டியிடம் கேட்டால், "அவர் கடல்ல இருந்தார், நான் இங்க இருந்தேன், எனக்கென்ன தெரியும்" என்கிறார்.

முன்னாள்_சிக்னல்மேன்:
தாத்தாவுக்கு என் வணக்கம். அது விக்ராந்த்தான் அம்மா. 1961 முதல் 1987இல் விராட் வரும்வரை நம்மிடம் இருந்த ஒரே விமானந்தாங்கிக் கப்பல் அதுதான். மூக்கில் புரொப்பெல்லர் என்றால் அலீஸே, நீர்மூழ்கியைத் தேடிப் போகும் பிரெஞ்சு விமானம். விக்ராந்தில் இருந்த இன்னொரு விமானமான ஸீ ஹாக் ஜெட், அதற்குப் புரொப்பெல்லர் கிடையாது. பூர்வி ஸ்டார் கிழக்குப் போர்முனையில் இருந்தவர்களுக்குக் கொடுத்தது. 1971 டிசம்பர் 4 முதல் விக்ராந்தின் விமானங்கள் அப்போதைய கிழக்குப் பாகிஸ்தானில், இன்றைய வங்கதேசத்தில், காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கின, அதனால் படமும் பதக்கமும் ஒத்துப்போகின்றன. ஆனால் மாலுமிகளைக் கப்பலுக்குக் கப்பல் மாற்றிக்கொண்டே இருப்பார்கள், போர் நேரத்தில் அவர் எந்தக் கப்பலில் இருந்தார் என்பதை சர்வீஸ் ஆவணத்தைப் பார்த்த பிறகே எழுதுங்கள். பதக்கத்தின் விளிம்பையும் பின்பக்கத்தையும் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள், நம்பர் பொறித்திருக்கலாம்.

வேலு_கணக்கர்:
அந்த நம்பர் பென்ஷன் ஆர்டரிலும் இருக்கும். மாலுமிகளின் ஆவணங்களைப் பார்ப்பது மும்பை மான்குர்டில் உள்ள கமடோர் பீரோ ஆஃப் செய்லர்ஸ். பாட்டி பேரிலேயே எழுதிக் கேளுங்கள். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் வழி சொல்வார்கள், அப்படியே பாட்டியின் குடும்ப ஓய்வூதியத்தையும் விசாரித்துவிடுங்கள், அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

கடற்கரை_வாசகி:
பாட்டியிடம் கப்பலைப் பற்றிக் கேட்காதீர்கள், வீட்டைப் பற்றிக் கேளுங்கள். மணியார்டர் எப்போது தாமதமானது, கடிதம் எப்போது நின்றது, யார் வீட்டு ரேடியோவில் செய்தி கேட்டார்கள், அவர் லீவில் வந்தபோது குழந்தைகள் அடையாளம் தெரிந்து பக்கத்தில் போனார்களா. போருக்கு முன்னால் விக்ராந்தை அந்தமான் பக்கம் ஒளித்து வைத்திருந்தார்கள், அதைத் தேடி வந்த பாகிஸ்தானின் காஸி நீர்மூழ்கி விசாகப்பட்டினம் அருகே மூழ்கியது. இதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் கிடைக்கும். அந்த மாதங்களில் உங்கள் வீட்டு அடுப்படியில் என்ன நடந்தது என்பது பாட்டிக்கு மட்டும்தான் தெரியும். அவர் காத்திருந்ததும் தாத்தாவின் கதைதான், என்னைக் கேட்டால் பாதிக் கதை அதுதான்.

பேத்தி_71:
எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி அப்படியே கேட்டுப் பார்த்தேன். அந்த வருஷம் தீபாவளிக்கு அப்புறம் கடிதமே இல்லையாம், தினமும் தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலில் போய் நிற்பாராம், மாமியார் பார்த்தால் கோலத்தைச் சரிசெய்வது மாதிரி குனிந்துகொள்வாராம். ஒரு மணி நேரம் பேசினார், போனில் பதிவு செய்திருக்கிறேன். பென்ஷன் ஆர்டரை அம்மா தேடுகிறார், கிடைத்ததும் மும்பைக்கு எழுதுகிறேன்.