செக்ட், டினாமினேஷன்: இரண்டுக்கும் ‘பிரிவு’ போதுமா?

தருமபுரி, கல்லூரி ஆசிரியர்:
அன்பர்களே, சமூகவியல் பாடக்குறிப்பு நாளை காலை அச்சுக்குப் போகிறது. செக்ட் காலப்போக்கில் டினாமினேஷனாக மாறுகிறது என்று அமெரிக்க இறையியலாளர் ரிச்சர்ட் நீபூர் 1929இல் சொன்னதை விளக்கும் இடத்தில் சிக்கி நிற்கிறேன். செக்ட் சுற்றியுள்ள சமூகத்தோடு உரசி நிற்கும் சமயக் குழு, டினாமினேஷன் அதனோடு ஒத்துப்போய் நிலைபெற்ற குழு; இரண்டையும் ‘பிரிவு’ என்றே எழுதி வருகிறோம். நேற்று ஒரு மாணவி தன் ஏட்டில் “பிரிவு காலப்போக்கில் பிரிவாக மாறுகிறது” என்று எழுதி, பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருந்தார். அவர் மீது தவறில்லை.

பென்னாகரம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
ஐயா, செக்டின் லத்தீன் வேர் பின்செல்லுதல்; வெட்டுதல் அன்று. ‘நெறி’ என்க. நெறி வழி, வழியில் பின்செல்கிறோம், வேரும் பொருந்துகிறது. மணிமேகலை கேட்ட அளவைவாதி முதல் பூதவாதி வரை அத்தனை பேரும் சொன்னவை நெறிகளே. டினாமினேஷனுக்கு, கொள்கையில் தனக்கு நெருங்கிய சமயங்களைச் சைவ சித்தாந்தம் அழைக்கும் ‘அகச்சமயம்’ இருக்கவே இருக்கிறது.

கிருஷ்ணகிரி, மொழிபெயர்ப்பாளர்:
ஐயா சொன்ன வேர் சரி. ஆனால் சொல் வேரைவிட்டு வெகுதூரம் வந்துவிட்டது. சமூகவியலாளர்கள் ஸ்டார்க், பெயின்பிரிட்ஜ் இருவருக்கும் செக்ட் தாய்ச் சமயத்திலிருந்து உடைந்து வந்தது. கல்ட் என்று அவர்கள் சொல்லும் இன்னொரு வகை புதிதாக முளைத்தது அல்லது வெளியிலிருந்து வந்தது. அகச்சமயமும் ஒட்டாது. சித்தாந்தம் அளப்பது கொள்கை நெருக்கத்தை. இவர்கள் அளப்பது சுற்றியுள்ள சமூகத்தோடு குழுவுக்கு உள்ள உரசலை. ‘பிரிகுழு’ என்றால் என்ன? பிரிந்த, பிரிகிற, பிரியும் குழு: மூன்று காலமும் அடங்கும். டினாமினேஷன் ‘சமயக்கிளை’.

ஓசூர், ஆய்வு மாணவர்:
‘பிரிக்குழு’ என்று ஒற்று மிகாதா? இன்னொன்று. ஜெர்மன் இறையியலாளர் டிரோல்ட்ச் 1912இல் திருச்சபை, செக்ட் என்று வகுத்தது கிறித்தவத்தை வைத்து. சிவனை வழிபடும் எங்கள் ஓசூர்ப் பக்கத்து லிங்காயத்துகளை எடுத்துக்கொள்ளுங்கள். 12ஆம் நூற்றாண்டில் பசவண்ணர் காலத்தில் சாதியை எதிர்த்து எழுந்தவர்கள். இன்று மடங்கள், கல்லூரிகள் என்று நிலைபெற்றுவிட்டார்கள். நீபூர் சொன்ன மாற்றம்தான். ஆனால் ஒற்றைத் திருச்சபை இல்லாத இடத்தில் பிரிகுழு எதிலிருந்து பிரிந்தது என்பீர்கள்?

பென்னாகரம்:
தம்பி, வினைத்தொகையில் வல்லினம் மிகாது. ஊறுகாய், சுடுகாடு.

தருமபுரி:
இரவு பதினொன்றாகிவிட்டது. ஓசூர்த் தம்பியின் கேள்வியை அப்படியே பயிற்சி வினாவாக வைத்திருக்கிறேன். பத்தி இப்போது இப்படி: “பிரிகுழுவில் முதல் தலைமுறை விரும்பிச் சேர்கிறது, பிள்ளைகளோ அதற்குள்ளேயே பிறக்கிறார்கள். உழைப்பும் சிக்கனமும் செல்வம் சேர்க்கின்றன, உரசல் தணிகிறது, பிரிகுழு சமயக்கிளையாகிறது.” கல்ட், இப்போதைக்குக் கல்ட்தான்.

பென்னாகரம்:
‘நெறி’யை நான் விடவில்லை. அடுத்த பதிப்புக்கு முன் ஒரு மாதம் அவகாசம் கொடுங்கள், ஐயா.