நேரில் பேசியதும் தாளில் எழுதியதும்: உங்கள் அனுபவங்கள்?

எழுதித் தரும் வேலை செய்பவர்

சிறு தொழில் செய்கிறவர்களுக்கு இணையப் பக்கம், நோட்டீஸ், வாட்ஸ்அப் செய்தி எல்லாம் எழுதித் தருவது என் வேலை. நேரில் அவ்வளவு அழகாகப் பேசுகிறவர்கள், எழுத உட்கார்ந்ததும் வேறு ஆளாகிவிடுவதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் கேட்க ஆசை. முதலில் என்னுடையதைச் சொல்லிவிடுகிறேன்.

பழைய கைக்கடிகாரங்களைப் பழுது பார்க்கும் பெரியவர் ஒருவர் வந்தார். கையில் ஒரு தாள். ‘நவீனத் தொழில்நுட்பத்துடன் கூடிய தரமான சேவை, வாடிக்கையாளர் திருப்தியே எங்கள் குறிக்கோள்’ என்று எழுதியிருந்தார். தாளை ஓரமாக வைத்துவிட்டு, “கடைசியாக எந்தக் கடிகாரத்தைச் சரி செய்தீங்க ஐயா?” என்று கேட்டேன்.

ஒரு பெண், இறந்துபோன அப்பாவின் சாவி கொடுக்கும் கடிகாரத்தைக் கொண்டு வந்தாராம். ஓடினால் போதும், கண்ணாடியில் இருக்கும் கீறலை மட்டும் தொட்டுவிடாதீர்கள் என்றாராம். “கண்ணாடி மாற்றுவது எனக்குச் சின்ன வேலை. கேட்காமலே மாற்றியிருப்பேன். அதிலிருந்து, எதை மாற்றக் கூடாது என்று கேட்காமல் எந்தக் கடிகாரத்தையும் நான் திறப்பதில்லை” என்றார்.

அந்தக் கடைசி வாக்கியம்தான் பக்கத்தின் முதல் வரி ஆனது. ஓர் எழுத்துகூட நான் மாற்றவில்லை. தரமான சேவை என்பதை யார் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம், இதை அவர் மட்டும்தான் சொல்ல முடியும். கதையைப் போடும் முன் அந்தப் பெண்ணிடம் அனுமதி கேட்கச் சொன்னேன். பெயர் வேண்டாம் என்றார், பெயர் இல்லாமலே போட்டோம்.

எழுதும்போது மட்டும் ஏன் இப்படி ஆகிறது? கூச்சம் ஒரு காரணம். தொழிலை மிக நன்றாகத் தெரிந்திருப்பது அதைவிடப் பெரிய காரணம் என்பேன். 1990இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் என்பவர் ஒரு ஆய்வு செய்தார். எல்லாருக்கும் தெரிந்த பாட்டுகளின் தாளத்தை ஒருவர் விரலால் மேசையில் தட்ட வேண்டும், எதிரில் இருப்பவர் பாட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். பாதிப் பாட்டையாவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் நம்பினார்கள். 120இல் 3தான் கண்டுபிடிக்கப்பட்டன. தட்டுகிறவர் மனதுக்குள் பாட்டு முழுதாக ஓடுகிறது, கேட்கிறவருக்கு வெறும் டொக் டொக். ‘தரமான சேவை’ என்று எழுதும்போது அந்தப் பெரியவர் மனதில் அந்தக் கீறல் விழுந்த கண்ணாடி ஓடிக்கொண்டிருந்திருக்கும். படிப்பவருக்கு அது எப்படித் தெரியும்?

கணக்கு, வரி வேலை பார்ப்பவர்

எங்கள் தொழிலில் கதைக்கு அவ்வளவாக இடமில்லை, தெளிவுக்கு நிறைய இடம் இருக்கிறது. ‘உரிய ஆவணங்களைக் குறித்த காலத்திற்குள் சமர்ப்பிக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்’ என்று அனுப்பிவிட்டு, எந்த ஆவணம், எந்தக் காலம் என்று நாள் முழுக்கப் போனில் விளக்குகிற அலுவலகங்களைப் பார்த்திருக்கிறேன்.

அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையம் 1998இல் எளிய மொழிக்கென்று ஒரு கையேடு வெளியிட்டது. அதற்கு முன்னுரை எழுதிய பிரபல முதலீட்டாளர் வாரன் பஃபெட், தன் நிறுவனத்தின் ஆண்டறிக்கை எழுதும்போது தன் சகோதரிகள் டோரிஸிடமும் பெர்ட்டியிடமும் பேசுவதாக நினைத்துக்கொள்வேன் என்கிறார். இருவரும் நல்ல புத்திசாலிகள், ஆனால் கணக்கியலிலோ நிதியிலோ நிபுணர்கள் இல்லை. எனக்கு அப்படி ஒரு அத்தை இருக்கிறார். அவரை மனதில் வைத்து எழுதினால் கடிதம் இப்படி வருகிறது: ‘வங்கிக் கணக்கு அறிக்கையும் போன ஆண்டு ரசீதுகளும் வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும். ஏதாவது ரசீது கிடைக்காவிட்டால் அதற்காகக் காத்திருக்காதீர்கள், இருப்பதை அனுப்புங்கள்.’ இரண்டாவது வாக்கியம்தான் முக்கியம். ஒரே ஒரு ரசீதைத் தேடிக்கொண்டு மொத்தத்தையும் அனுப்பாமல் இருப்பவர்கள்தான் அதிகம்.

மரச்சாமான் செய்பவர்

கதை என்றதும் எனக்குக் கொஞ்சம் பயம். விளம்பரம் எழுதித் தருகிறேன் என்று வந்த ஒருவர், ‘மூன்று தலைமுறை மரவேலைப் பாரம்பரியம்’ என்று எழுதிக் கொண்டுவந்தார். என் அப்பா பேருந்து ஓட்டியவர். இதெல்லாம் யார் பார்க்கப் போகிறார்கள், படிக்க நன்றாக இருக்கிறதே என்றார் எழுதி வந்தவர். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அப்பா வாழ்நாள் முழுக்கச் செய்த வேலையை ஒரு நோட்டீஸுக்காக அழிப்பதற்கு எனக்கு மனம் வரவில்லை.

அப்புறம் நானே எழுதினேன். என்ன மரம், எங்கே ஆணி இல்லாமல் இணைப்பேன், செய்து முடிக்க எவ்வளவு நாள் ஆகும், எதைச் செய்து தர மாட்டேன். ‘மழையில் நனையும் இடத்துக்கு நான் சாமான் செய்வதில்லை’ என்ற வரியைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம். வீட்டுக்குள் வைக்கத்தான் கேட்பார்கள், ஆனாலும் அந்த வரியைப் பற்றித்தான் முதலில் பேசுவார்கள்.

எழுதித் தரும் வேலை செய்பவர்

மரச்சாமான் செய்பவர் சொன்னதை முழு மனதோடு ஆமோதிக்கிறேன். இல்லாத பாட்டனாரை உருவாக்குவது பொய், அதற்குக் கதை என்று பெயர் வைக்கக் கூடாது. ‘எந்த வேலையைத் திருப்பி அனுப்பினீர்கள்?’ என்பதை இனி எல்லாரிடமும் கேட்கப் போகிறேன்.

நீளம் பற்றியும் ஒன்று. இணையப் பக்கங்களை மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராய்கிற ஜேக்கப் நீல்சன் 1997இல் வெளியிட்ட சோதனையில், 79 சதவீதம் பேர் இணையப் பக்கத்தை மேலோட்டமாகத்தான் மேய்ந்தார்கள். அதனால் முக்கியமானதை முதல் வரியிலேயே சொல்லிவிடுவது நல்லது. கதை பிடித்தவர் கீழே வந்து படித்துக்கொள்வார்.

தையல் தொழில் செய்பவர்

என்னுடையது சின்ன விஷயம். போன மாதம் தையல் மெஷின் மோட்டார் போய்விட்டது. ‘தவிர்க்க முடியாத காரணங்களால் தாமதம், சிரமத்துக்கு வருந்துகிறோம்’ என்று போடலாம் என்றாள் என் மகள். யோசித்துப் பார்த்து இப்படி அனுப்பினேன்: ‘மெஷின் மோட்டார் போய்விட்டது. உங்கள் துணி வியாழன் மாலைதான் தயாராகும். அதற்கு முன்னாடியே கட்டாயம் வேண்டும் என்றால் இன்றைக்கே சொல்லுங்கள், கையால் தைத்துத் தருகிறேன்.’

கையால் தைக்கச் சொல்லி இரண்டு பேர் கேட்டார்கள். மற்றவர்கள் ‘வியாழன் போதும் அக்கா’ என்று பதில் போட்டார்கள்.