நைட் ஆஃப் த லிவிங் டெட்: தமிழ் சப்டைட்டில் படத்தோடு பொருந்தவில்லை, உதவி தேவை

வணக்கம். ஜார்ஜ் ரொமேரோவின் 1968 ஜாம்பி படத்துக்கு நானே தமிழ் சப்டைட்டில் எழுதினேன். இப்போது நேரம் பொருந்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குப் போட்டுக் காட்ட வேண்டும், அவருக்கு ஆங்கிலம் வராது.

இணையத்தில் கிடைத்த இலவசப் பிரதியை வைத்து இரண்டு மாதம் உட்கார்ந்து எழுதியது. (பெயர் மாற்றியபோது காப்புரிமைக் குறிப்பு விடுபட்டதால் இந்தப் படம் பொதுச் சொத்து. கீறலும் வெட்டுமாகப் பல பிரதிகள் சுற்றுகின்றன.) இப்போது கையில் இருப்பது 2016இல் மூல நெகட்டிவிலிருந்து மீட்டெடுத்த பதிப்பின் ப்ளூ-ரே, 96 நிமிடம். அந்தக் கறுப்பு வெள்ளையின் துல்லியத்தைப் பார்த்த பிறகு பழைய பிரதிக்குத் திரும்ப மனமில்லை.

கல்லறைக் காட்சி கச்சிதம். நாயகன் பென் ஜன்னலில் பலகை அடிக்கும்போது சப்டைட்டில் 3 நொடி முந்துகிறது. நிலவறையா, மேல்தளமா என்று ஹாரியோடு சண்டை வரும் இடத்தில் 7 நொடி. டிவி செய்தி வரும்போது 11.

வி.எல்.சி. பிளேயரில் சப்டைட்டிலுக்குத் தாமதம் வைத்துப் பார்த்தேன்: ஓரிடம் சரியானால் இன்னோரிடம் கெடுகிறது. சப்டைட்டில் எடிட் என்ற மென்பொருளில் ஃபிரேம் வேகத்தை நொடிக்கு 25இலிருந்து 23.976க்கு மாற்றினேன், இன்னும் மோசம். இடைவெளி சீராக வளரவில்லை, திடீரென்று தாவுகிறது. பழைய பிரதியில் ஃபிரேம்கள் விடுபட்டிருக்க வேண்டும்.

ப்ளூ-ரேயின் ஆங்கில சப்டைட்டில் சரியாக ஓடுகிறது. ஆனால் அதன் வரிப்பிரிப்பு வேறு, நேரத்தை அப்படியே ஒட்ட முடியாது.

அந்த ஆங்கிலக் கோப்பையோ படத்தின் ஒலியையோ ஆதாரமாக வைத்து, என் 640 வரிகளையும் தானாகப் பொருத்தும் மென்பொருள் எது?