சிம்னி ஓடுகிறது, ஆனாலும் சமையல் வாடை மாடி வரை ஏறுகிறது: குளிர்காலத்தில் மட்டும் ஏன்?

மாடிப்படி: வெளியே குளிர் என்பதால் ஜன்னல்கள் எல்லாம் சாத்தியே இருக்கின்றன. மீன் பொரித்தாலோ பூண்டு வதக்கினாலோ வாடை மறுநாள் காலை வரை போவதில்லை. சமையலறை கீழே இருக்கிறது, ஆனால் வாடை அதிகமாகத் தெரிவது மாடிப் படுக்கையறையில். அடுப்புக்கு மேல் 60 செ.மீ. சிம்னி உண்டு. முழு வேகத்தில் வைத்தால் சத்தம்தான் பெரிதாக இருக்கிறது. வெயில் காலத்தில் இந்தத் தொல்லையே கிடையாது. ஏர் ப்யூரிஃபையர் வாங்கினால் தீருமா?

காற்றுவழி: வாங்குவதற்கு முன் இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, சிம்னியின் காற்று குழாய் வழியாக வெளியே போகிறதா, இல்லை முன்பக்கத் துளைகள் வழியாக அறைக்குள்ளேயே திரும்புகிறதா? இரண்டாவது, மெல்லிய டிஷ்யூ தாள் ஒன்றை ஃபில்டருக்கு அடியில் பிடித்துவிட்டு கையை எடுங்கள் (அடுப்பு அணைந்திருக்கும்போது). ஜன்னல் சாத்தியபடி ஒரு தடவை, திறந்து வைத்து ஒரு தடவை. என்ன ஆகிறது என்று எழுதுங்கள்.

மாடிப்படி: குழாய் வெளியேதான் போகிறது. ஜன்னல் சாத்தியிருந்தால் தாள் நழுவி விழுந்துவிடுகிறது. திறந்தால் முழு வேகத்தில் ஒட்டிக்கொள்கிறது, நடு வேகத்தில் அரைகுறைதான்.

காற்றுவழி: அப்படியானால் முதல் கோளாறு சிம்னியில் இல்லை, சாத்திய ஜன்னலில் இருக்கிறது. மணிக்கு 250 கன மீட்டர் காற்றை வெளியே தள்ள வேண்டுமானால் அதே 250 எங்கிருந்தாவது உள்ளே வந்தாக வேண்டும். வழியில்லாவிட்டால் மோட்டார் சும்மா இரைந்துகொண்டிருக்கும், காற்று நகராது. கோடையில் ஏதோ ஒரு ஜன்னல் திறந்தே கிடப்பதால் இது தெரியவில்லை.

சமையலறை ஜன்னலை 3 முதல் 5 செ.மீ. திறந்து வையுங்கள், உள்வாசல் கதவைச் சாத்துங்கள். அடுப்பை ஒட்டிய ஜன்னலாக இருந்தால் அது வேண்டாம். அதன் வழியே வரும் காற்று, மேலே எழும் புகையைப் பக்கவாட்டில் தள்ளிவிடும். எதிர்ப்புற ஜன்னல்தான் சரி. அடுப்பு பற்றவைக்க 5 நிமிடம் முன்பே சிம்னியைப் போட்டு, முடிந்த பின் 15 நிமிடம் ஓடவிடுங்கள். முடிந்தவரை பின்பக்க அடுப்பில் பொரியுங்கள். முன் அடுப்பின் புகையில் ஒரு பங்கு சிம்னிக்கு வெளியே நழுவிவிடும்.

போர்வை: குளிர்காலத்தில் ஜன்னலைத் திறந்தால் ஹீட்டர் செலவு என்ன ஆவது?

காற்றுவழி: கணக்குப் போட்டுப் பாருங்கள். உள்ளேயும் வெளியேயும் 20 டிகிரி வித்தியாசம், மணிக்கு 250 கன மீட்டர், அரை மணி நேரம் என்றால் இழப்பு சுமார் 0.8 கிலோவாட் மணி. அதாவது 1,000 வாட் ஹீட்டர் ஐம்பது நிமிடம் ஓடுவதற்குச் சமம். நாள் முழுக்க ஒரு விரற்கடை திறந்து வைப்பதுதான் உண்மையான விரயம். அப்போது சுவரும் சேர்ந்து குளிர்ந்துவிடுகிறது.

இருதளம்: மாடிக்கு வாடை ஏறுவதற்கு வேறு காரணமும் இருக்கிறது. வீட்டுக்குள் சூடான காற்று மேலே எழும், கீழே குளிர்காற்று புகும். உள்ளுக்கும் வெளிக்கும் வெப்ப வித்தியாசம் கூடக்கூட இந்த இழுப்பும் கூடும், அதனால் குளிர்காலத்தில் படிக்கட்டே புகைபோக்கி போல வேலை செய்கிறது. சமைக்கும்போது மாடி ஜன்னலைத் திறக்காதீர்கள், வாடையை நீங்களே மேலே அழைத்த மாதிரி ஆகிவிடும். குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேனும் அந்த நேரத்தில் ஓடக்கூடாது. அது கூடத்தின் வழியாகச் சமையலறைக் காற்றைத் தன் பக்கம் இழுக்கும். பலர் இதைக் கவனிப்பதே இல்லை.

எச்சரிக்கைமணி: குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். வீட்டுக்குள்ளிருந்தே காற்றை எடுத்து எரியும் கேஸ் வாட்டர் ஹீட்டரோ விறகு அடுப்போ இருக்கிறதா? இருந்தால் ஜன்னல் சாத்திய நிலையில் பலமான சிம்னி ஓட்டவே கூடாது. அதன் புகைக்குழாயிலிருந்து கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் இழுக்கப்படலாம். அதற்கு வாடை கிடையாது, மூக்கை நம்பிப் பயனில்லை. கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம் வையுங்கள்.

மாடிப்படி: அப்படி எதுவும் இல்லை, எல்லாம் மின்சாரம்தான். ஜன்னல் திறந்தும் நடு வேகத்தில் தாள் நிற்கவில்லையே, அது ஏன்?

ஸ்க்ரூட்ரைவர்: கம்பிவலை ஃபில்டரைக் கழற்றிவிட்டு, மோட்டார் பகுதியில் தாள் போகாதபடி ஓரமாகப் பிடித்துப் பாருங்கள். இழுப்பு சட்டென்று கூடினால் வலை அடைத்திருக்கிறது. கூடவில்லை என்றால் குழாய்ப் பக்கம் போங்கள். அங்கே நான்கு இடம் பார்க்க வேண்டும். சிம்னியின் வாயில் 150 மி.மீ. இருக்க, சுவர்த் துளையில் 100 மி.மீ. குழாய் போட்டிருந்தால் காற்று போகும் பரப்பு பாதிக்கும் கீழே போய்விடும். மடிப்புக் குழாய் தொய்ந்து வளைந்திருக்கலாம். மோட்டாருக்கு மேலே உள்ள தடுப்புத் தகடு எண்ணெய்ப் பிசுக்கில் ஒட்டிக்கொண்டிருக்கலாம், வெளிச்சுவர் மூடியில் பூச்சி வலை இருந்தால் அதுவும் பஞ்சு படிந்து அடைத்திருக்கும். தகட்டைத் தொடுவதற்கு முன் பிளக்கைக் கழற்றுங்கள்.

மாடிப்படி: வலையைக் கழற்றியதும் இழுப்பு நன்றாகவே கூடியது. எப்படிக் கழுவுவது? அலுமினியம் போலத் தெரிகிறது.

ஸ்க்ரூட்ரைவர்: அலுமினியம் என்றால் சலவை சோடா வேண்டாம், கறுத்துவிடும். பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு மேசைக்கரண்டி, 60 டிகிரி வெந்நீர், 20 நிமிடம் ஊறல், பிறகு மென்மையான பிரஷ். ஈரம் போக உலர்த்தித்தான் மாட்ட வேண்டும். பொரிப்பது அதிகமென்றால் மாதம் ஒரு முறை.

கரித்துண்டு: ப்யூரிஃபையர் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. ஹெபா ஃபில்டர் துகளைப் பிடிக்கும், வாயுவைப் பிடிக்காது. வாடையில் பெரும்பகுதி வாயு. அதற்கு ஆக்டிவேட்டட் கரி வேண்டும், அதுவும் கரி மணிகள் நிறைந்த கனமான தட்டு. கரி தூவிய மெல்லிய பஞ்சு சீக்கிரமே நிறைந்து போகும். வாங்கினாலும் அடுப்பருகே வைக்காதீர்கள், எண்ணெய்த் திவலை படிந்து ஃபில்டரே வாடை வீசும். ஓசோன் விடும் மெஷின்கள் பக்கமே போகாதீர்கள், நுரையீரலுக்குக் கேடு.

புளிப்பு: வினிகர் கொதிக்க வைத்தால் மீன் வாடை போகும் என்கிறார்களே?

கரித்துண்டு: காற்றில் உள்ளதை அது பெரும்பாலும் மறைக்கத்தான் செய்யும். ஆனால் சமையல் மேடையையும் மீன் நறுக்கும் கட்டையையும் வினிகர் கலந்த நீரால் துடைப்பது நிஜமாகவே வேலை செய்யும். மீன் வாடைக்கு முக்கியக் காரணமான டிரைமெத்திலமைன் காரத்தன்மை உள்ளது, அமிலம் பட்டால் ஆவியாகாத உப்பாக மாறிவிடும். பூண்டு வாடைக்கு, பொரித்த எண்ணெய் வாடைக்கு இந்த வித்தை செல்லாது. பிளீச்சோடு வினிகரைச் சேர்க்கவே கூடாது, குளோரின் வாயு வரும்.

மாடிப்படி: வலை கழுவி, ஜன்னல் திறந்து, கதவு சாத்திச் சமைத்ததில் மாடி வாடை வெகுவாகக் குறைந்துவிட்டது. கீழே மட்டும் காலையில் லேசான காறல் வாடை.

இருதளம்: அது படிந்த எண்ணெய். குளிர்ந்த ஜன்னல் கண்ணாடியில், சிம்னியின் அடிப்புறத்தில், அலமாரி மேல்தட்டில் விரலால் தேய்த்தால் பிசுபிசுக்கும். வெந்நீரும் பாத்திரத் திரவமும் போட்டுத் துடையுங்கள். திரைச்சீலையைத் துவைக்காமல் எதைச் செய்தும் பலனில்லை, துணிதான் வாடையைப் பிடித்து வைத்து ஹீட்டர் போட்டதும் திரும்ப விடுகிறது. எண்ணெயைப் புகையும் அளவுக்குக் காய்ச்சாமல் 170 முதல் 180 டிகிரியில் நிறுத்துங்கள். பலமுறை பொரித்த எண்ணெய் குறைந்த சூட்டிலேயே புகைய ஆரம்பிக்கும், அதை மாற்றிவிடுங்கள்.

மாடிப்படி: திரைச்சீலையை இப்போதுதான் கழற்றினேன். கைப்பிடிக்கிற ஓரம் முழுக்கப் பிசுக்கு.