பதிவு எண் கேட்ட வக்கீல்

சைகை மொழிபெயர்ப்பாளருக்கு ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வுக் கவுன்சில்) பதிவெல்லாம் வெறும் காகிதம், சைகை ஓடினால் போதும் என்று நம் துறை மூத்தவர்களே சொல்வதுண்டு. அவர்களில் பலர் காது கேளாத பெற்றோருக்குப் பிறந்து, பேச்சு வரும் முன்பே சைகை பழகியவர்கள். அவர்கள் கையில் இருக்கும் சரளம் இரண்டு வருட டிப்ளமோ படித்த எனக்கு இன்னும் வரவில்லை. ஆனாலும் பதிவு வேண்டும் என்றே சொல்வேன். நீதிமன்றத்தில் பார்த்ததைச் சொல்கிறேன்.

அது ஒரு பாலியல் வழக்கு. பாதிக்கப்பட்ட பெண் பள்ளிக்கூடப் பக்கமே போகாதவர். புகார் கொடுத்த அன்று, 'இவருக்கு ஊமை பாஷை தெரியும்' என்று அக்கம்பக்கத்தில் இருந்து யாரையோ காவல் நிலையத்துக்குக் கூட்டி வந்திருக்கிறார்கள். அவர் சொன்னதை வைத்தே வாக்குமூலம் எழுதியாயிற்று. கேட்டதற்கெல்லாம் 'ஆம்' என்று இருந்தது. காது கேளாதவர்கள் பேச்சின் நடுவே தலையாட்டினால், 'பார்த்துக்கொண்டிருக்கிறேன், மேலே சொல்லுங்கள்' என்பதாகவும் இருக்கலாம். அந்த ஆட்டங்கள் எல்லாமே சம்மதமாகக் காகிதத்தில் ஏறியிருந்தன.

விசாரணைக்கு என்னை அழைத்தார்கள். உறுதிமொழி எடுத்து முடித்ததுமே எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, "உங்கள் தகுதி என்ன? சி.ஆர்.ஆர். எண் இருக்கிறதா?" என்றார். ஆர்.சி.ஐ.யின் மத்தியப் பதிவேட்டில் நமக்குத் தரும் எண் அது. சான்றிதழ் நகலை நீட்டினேன். நீதிபதி எண்ணைக் குறித்துக்கொண்டார், பேச்சு அதோடு முடிந்தது. எண் இல்லாத ஒருவர் அங்கே நின்றிருந்தால் அந்தப் பெண்ணின் சாட்சியமே ஆட்டம் கண்டிருக்கும்.

அப்புறம்தான் உண்மையான வேலை. அவருடையது வீட்டுக்குள் உருவான சைகை, இந்திய சைகை மொழி அல்ல. நீதிபதி அனுமதியோடு முதலில் அவருடன் உட்கார்ந்து சாப்பாடு, ஆடு, மழை என்று பேசிப் பழகினேன். தன்னிடம் தவறாக நடந்த ஆளைக் குறிக்க அவர் இடது மணிக்கட்டைச் சுற்றி விரலை வளைத்தார். காவல் நிலைய வாக்குமூலத்தில் அந்த இடத்தில் ஒரு பெயர் இருந்தது. நான் பெயர் சொல்லவில்லை. "கையில் காப்பு போட்டவர் என்று காட்டுகிறார்" என்று மட்டும் சொன்னேன். அரசு வழக்கறிஞர், அந்த ஆள் இங்கே இருக்கிறாரா என்று கேட்டார். அந்தப் பெண் தானே விரல் நீட்டிக் காட்டினார். காட்டியதை மட்டும் சொல்வது, தெரிந்ததைச் சேர்த்துச் சொல்லாமல் இருப்பது, இதுதான் பயிற்சியில் கிடைப்பது. பாசத்தோடு உதவ வருகிறவர்களுக்கு இது மிகவும் கடினம்.

பேச முடியாத சாட்சி என்றால் மொழிபெயர்ப்பாளர் அல்லது சிறப்பாசிரியர் துணையோடு வாக்குமூலம் பதிய வேண்டும், வீடியோவும் எடுக்க வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தில் இது பிரிவு 119; 2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் பிரிவு 125. ஆனால் மொழிபெயர்ப்பாளர் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும் என்று அந்தப் பிரிவில் இல்லை. 1992-ஆம் வருடத்து மறுவாழ்வுக் கவுன்சில் சட்டமோ பதிவில்லாமல் தொழில் செய்தால் ஓராண்டு வரை சிறை என்கிறது. இந்த இரண்டு சட்டங்களும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளாததால்தான் காவல் நிலையங்களில் யாரையாவது பிடித்து உட்கார வைக்க முடிகிறது.

பதிவு முறையிலும் எனக்கு வருத்தம் உண்டு. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க கருத்தரங்குகளுக்குப் போய் சி.ஆர்.இ. (தொடர் மறுவாழ்வுக் கல்வி) புள்ளிகள் சேர்க்க வேண்டும். சரி, சேர்க்கலாம். ஆனால் நான் போன கருத்தரங்குகளில் நீதிமன்றத்தைப் பற்றியோ வீட்டுச் சைகையைப் பற்றியோ ஒரு அமர்வுகூட இல்லை. காது கேளாதோரின் பிள்ளைகளுக்கும் உடன்பிறந்தோருக்கும் டிப்ளமோ இல்லாமலே திறனறித் தேர்வு வழியாக அங்கீகாரம் பெற ஐ.எஸ்.எல்.ஆர்.டி.சி. (இந்திய சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம்) வழி செய்திருக்கிறது. நம் மூத்தவர்கள் இதைத் தயவுசெய்து பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

நீதிமன்ற அழைப்பு வந்தால் செல்லுபடியாகும் சான்றிதழின் நகல் கையில் இருக்கட்டும். சாட்சியை முன்கூட்டியே சந்திக்க எழுத்தில் அனுமதி கேளுங்கள். வீடியோவில் உங்கள் கைகளும் சாட்சியின் கைகளும் ஒரே ஃபிரேமுக்குள் தெரிகின்றனவா என்று, ஆரம்பிக்கும் முன்பே கேமராக்காரரிடம் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.