பயோமிமிக்ரிக்குத் தமிழில் என்ன சொல்? வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

ஒட்டுசுட்டான், விஞ்ஞான ஆசிரியை:

எல்லோருக்கும் வணக்கம். ஏழாந்தரப் பிள்ளைகளுக்குச் சிறு கைந்நூல் ஒன்று எழுதியிருக்கிறேன். பயோமிமிக்ரி, அதாவது உயிர்களைப் பார்த்து அவற்றின் வழியில் மனிதர் பொருள்கள் செய்வது பற்றியது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும், தலைப்புக்குத்தான் சொல் இல்லை.

பாடம் நாயுருவியில் தொடங்கியது. வரம்பால் நடந்துவரும் பிள்ளைகளின் உடுப்பெல்லாம் அதன் காய். கைவில்லையால் பார்க்கவைத்தேன். 1941இல் சுவிற்சர்லாந்துப் பொறியியலாளர் ஜோர்ஜ் டி மெஸ்ட்ரல், தன் நாயின் உரோமத்தில் ஒட்டிய ஒரு காயை நுணுக்குக்காட்டியில் பார்த்து, அதன் கொளுக்கிகளைக் கண்டு, ஒட்டிப் பிரிக்கும் வெல்க்ரோ பட்டி செய்த கதையையும் சொன்னேன். உடனே ஒரு பிள்ளை தன் சப்பாத்துப் பட்டியைப் பிரித்து வில்லைக்குக் கீழே வைத்து, "ரீச்சர், இதிலயும் கொளுக்கி இருக்கு" என்றது. அந்தப் பிள்ளைக்கு ஒரு சொல் கொடுக்கவேண்டும்.

சென்னை:

அம்மா, உயிர்ப்பாவனை என்று வைக்கலாமே. பாவனை என்றால் ஒன்றைப் போலச் செய்து காட்டுவது. பிள்ளைகளின் தகவமைப்புப் பாடத்தோடும் சேரும்.

வவுனியா:

அது இங்கே சரிவராது ஐயா. எங்களுக்குப் பாவனை என்றால் பயன்படுத்துவது. "பாவனைக்கு முன் நன்றாகக் குலுக்கவும்" என்று மருந்துப் போத்தலில் வாசித்து வளர்ந்த பிள்ளை, உயிர்களைப் பயன்படுத்துவது என்றே விளங்கிக்கொள்ளும். தகவமைப்பும் எங்கள் பாடநூலில் இல்லை, அங்கே இருப்பது இசைவாக்கம். உயிர் சூழலுக்கு இசைவது இசைவாக்கம் என்றால், மனிதர் உயிரை ஒத்துச் செய்வது உயிரொப்பாக்கம். கையில் இருக்கும் சொல்லோடு புதியதைக் கோத்துக் கொடுத்தால் மறக்காது.

ரொறன்ரோ:

உயிர்ப்போலி? சின்னச் சொல்.

கிளிநொச்சி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

தம்பி, போலி என்றதும் பிள்ளைக்குக் கள்ளச் சரக்குத்தான் நினைவு வரும். இலக்கணம் படித்த பிள்ளை உயிரெழுத்து மாறும் போலி என்று நினைக்கும். அதை விடுவோம்.

தொல்காப்பியர் உவமத்தை வினை (செயல்), பயன், மெய் (வடிவம்), உரு (நிறம்) என்று நான்காக வகுத்தார். இந்தக் கண்டுபிடிப்புகள் எல்லாம் அந்த நான்கில் வந்து விழுவதைப் பாருங்கள். ஜப்பானின் அதிவேக ரயில் சுரங்கத்தை விட்டு வெளியே வரும்போது பெரிய வெடிச்சத்தம் எழுந்தது. பறவை பார்ப்பதில் ஆர்வமுள்ள பொறியியலாளர் எய்ஜி நகாட்சு, மீன்கொத்தி அலையெழுப்பாமல் நீருக்குள் பாய்வதைக் கவனித்து, ரயிலின் மூக்கை அதன் அலகுபோல் நீட்டினார். 1997இல் அந்த ரயில் ஓடத்தொடங்கியது. அது மெய்யுவமம். காயின் கொளுக்கியைப் பார்த்துச் செய்த வெல்க்ரோ வினையுவமம். தாமரை இலையில் உருளும் நீர் தூசியையும் கூட்டிக்கொண்டு போவதைப் பார்த்துத் தானே துப்புரவாகும் பூச்சு செய்தார்களே, அது பயன். மோர்ஃபோ வண்ணத்துப்பூச்சியின் நீலம் சாயமல்ல, செட்டையின் நுண்ணமைப்பில் ஒளி பட்டு வருவது. அதைப் பார்த்துச் சாயமில்லாமல் நிறங்காட்டும் நூல் செய்தது உரு. ஆகவே உயிருவமம்.

இன்னொன்று. தூக்கணாங்குருவிக் கூடு, கறையான் புற்று, தேன்கூடு, சிலந்தி வலை எல்லாம் எவராலும் செய்ய அரியவை என்று ஔவை பேரிலான தனிப்பாடல் சொல்கிறது. கைந்நூலின் முதற்பக்கத்தில் அது இருக்கவேண்டும்.

வவுனியா:

ஐயா, வகுப்பு அருமை. ஆனால் பிள்ளைக்கு உவமம் என்றால் நிலவு போன்ற முகம். பரீட்சையில் குழம்பிவிடும்.

ஒட்டுசுட்டான்:

ஐயாவின் நான்கு வகையையும் செயற்பாட்டு அட்டவணையாகச் சேர்த்துவிட்டேன். தனிப்பாடலும் வரும்.

சொல்லைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். நேற்று உயிரொப்பாக்கம் என்று கரும்பலகையில் எழுதினேன். பின்வாங்கிலிருந்து ஒரு பிள்ளை, "ஒப்பு எண்டா அம்மம்மா செத்தவீட்டில சொல்லி அழுறதல்லோ" என்று கேட்டது. வகுப்பு அமைதியாகிவிட்டது. இந்த ஊரில் ஒப்புச் சொல்லி அழாத வீடு எது? பிள்ளைகள் ஆசையோடு திறக்கவேண்டிய பாடத்தின் வாசலில் அந்தச் சொல்லை வைக்க எனக்கு மனம் வரவில்லை.

வேறொரு காரணமும் உண்டு. சிம்பாப்வேயின் ஹராரே நகரில் கட்டடக் கலைஞர் மிக் பியர்ஸ் வரைந்த ஈஸ்ட்கேட் கட்டடம் 1996இல் திறந்தது. கறையான் புற்றுக்குள் காற்று ஓடுவதை மனத்தில் வைத்துக் கட்டியது, ஆனால் பார்வைக்குப் புற்றை ஒக்கவே ஒக்காது. பாடசாலை வேலிக்கருகில் இருக்கும் புற்றைக் காட்டி இதைச் சொன்னபோது, "அப்ப அவர் புற்றிட்டைப் படிச்சவர்" என்றார்கள் பிள்ளைகள். படித்துச் செய்வது. கற்றாக்கம் என்று சொன்னால் என்ன?

கிளிநொச்சி:

மகள், ஒப்பைப் பற்றி நீங்கள் எழுதியது நெஞ்சைத் தொட்டது. ஆனால் கற்று என்பது வினையெச்சம். அது வினையைத்தான் தேடிப் போகும், ஆக்கம் என்ற பெயரோடு ஒட்டி நில்லாது.

சென்னை:

விட்டுக்கொடுத்தல், உயிர்த்தெழுதல் எல்லாம் நிற்கின்றனவே ஐயா?

கிளிநொச்சி:

அவை தொழிற்பெயர். விட்டுக்கொடு என்ற வினையே பெயராகி நிற்கிறது. கற்றாக்கு என்றொரு வினை இல்லை, ஆக்கம் தனிப்பெயர். விரிவாக நாளை எழுதுகிறேன்.

வவுனியா:

நாளை வெள்ளிக்கிழமை. இதுவரை எழுதியவர்களில் கூடப்பேர் உயிரொப்பாக்கம் என்கிறார்கள். பாடநூலின் இசைவாக்கத்தோடு சேர்வதால் நானும் அதிலேயே நிற்கிறேன், ரீச்சர். செத்தவீட்டு ஒப்பும் இதே வேர்தான், இழந்தவரை எதற்கெல்லாமோ ஒப்பிட்டு அழுவது.

ஒட்டுசுட்டான்:

வேர் ஒன்றாக இருக்கலாம் அண்ணா, கேட்கும் காது வேறு. அட்டையில் பெரும்பான்மைச் சொல்லையே போடுகிறேன், மற்றப் பாடசாலைகளும் பாவிக்கும் அல்லவா. உள்ளே, நாயுருவிப் படத்துக்குக் கீழே, கற்றாக்கம் என்றுதான் இருக்கும். அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன்.

கிளிநொச்சி:

கற்றலாக்கம் என்றாவது திருத்தியிருக்கலாம், மகள். இரண்டாம் பதிப்பு வருமென்றால் முன்கூட்டியே சொல்லுங்கள்.